சொல்லும் வேதம், வாசிக்கும் வேதம்

“ஆர்.சி.காரங்களுக்கு பைபிள் தெரியாது” என்பது பாளையங்கோட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக உலவும் பேச்சு. சொல்பவர் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர். கேட்டுவிட்டு அசட்டுச் சிரிப்போடு தலையாட்டுபவர் ஆர்.சி. என்னும் ரோமன் கத்தோலிக்கர். மறுத்துப் பேச அதிகாரம், வசன எண்ணோடு எதுவும் அவர் வாயில் வராது. வராததால் குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஆர்.சி.காரர் அன்று ராத்திரி வீட்டில் செபமாலை சொல்லும்போது, லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து இரண்டு வாழ்த்துகளை 53 தடவை சொல்லியிருப்பார். ஒன்று வானதூதர் மரியாளுக்குச் சொன்னது, 28ஆம் வசனம். மற்றது எலிசபெத்து சொன்னது, 42ஆம் வசனம். அருள் நிறைந்த மரியே என்னும் செபத்தின் முற்பாதி இவை இரண்டும் சேர்ந்ததுதான்.

ஆகவே தெரியுமா தெரியாதா என்று கேட்பதை விட்டு, எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டும். தாமிரபரணிக் கரையில் இந்த இரண்டு சபை மரபுகளும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றன, ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன, ஒரே திருமண மண்டபத்தில் சாப்பிடுகின்றன. வேதம் ஒவ்வொரு வீட்டிலும் என்ன வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். என் கணிப்பைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், கத்தோலிக்கர் வேதத்தைச் சொல்லி செபிக்கிறார்; சி.எஸ்.ஐ.காரர் வேதத்தை வாசித்துவிட்டு, பிறகு சொந்த வார்த்தையில் ஜெபிக்கிறார். முன்னவருக்கு வேதம் பெரும்பாலும் தான் கடவுளிடம் சொல்லும் சொல். பின்னவருக்கு அது கடவுள் தன்னிடம் சொல்லும் சொல். மற்ற வேறுபாடுகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

இந்தக் கதை ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்குகிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் தமிழ் வேதாகமம் இல்லை. அப்போது அப்படி ஒன்றே கிடையாது. இங்குள்ளவர்களின் துணையோடு சில செபங்களைத் தமிழாக்கிக்கொண்டார்: சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை (அருள் நிறைந்த மரியே செபம்), பத்துக் கட்டளை. அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரிக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிக்கொடுத்தபின், அதை நம்ப வரம் கேட்டு ஒரு பரலோக மந்திரமும் ஒரு மங்கள வார்த்தையும் எல்லாரும் சேர்ந்து சொல்வார்களாம். பாடம் முடிந்த கையோடு அதே பாடம் செபமாகிவிடுகிறது. தென்கரைக் கத்தோலிக்கம் இன்றுவரை இந்த அச்சிலிருந்து விலகவில்லை என்றே சொல்வேன்.

அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கு ஹென்றிக்கஸ், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இருந்து தமிழ் கற்றவர். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகங்களில் ஒன்று அது; 16 பக்கம்தான். அடுத்த ஆண்டே கிரீசித்தியானி வணக்கம், பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல், 1586இல் அடியார் வரலாறு. வரிசையைப் பாருங்கள்: ஞானோபதேசம், பாவசங்கீர்த்தனம், புனிதர் சரித்திரம். வேதாகமம் இந்த வரிசையில் இல்லை. தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டு 136 ஆண்டுக்குப் பிறகு, 1714இல்தான் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்குகிறது. அதைச் செய்தது லுத்தரன் மிஷன்.

அச்சும் தமிழும் கையில் இருந்த கத்தோலிக்கர் ஏன் செய்யவில்லை? அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. காரணம் ரோமில் இருந்தது. திரிதெந்தின் சங்கத்தை ஒட்டி 1564இல் வந்த விதிகளின்படி, மக்கள் மொழியில் வேதாகமம் வாசிக்க ஒருவர் தனி அனுமதி வாங்கவேண்டும். 1757இல், விளக்கக் குறிப்புகளோடு அங்கீகாரம் பெற்ற பதிப்பாக இருந்தால் வாசிக்கலாம் என்று அது தளர்ந்தது. ஐரோப்பாவில் புராட்டஸ்டண்டுகளோடு நடந்த சண்டையின் விலையைப் புன்னைக்காயல் பரதவர் கொடுத்தார்கள். இதைக் கத்தோலிக்கர் பூசி மெழுகவேண்டியதில்லை. முழு வேதத்தைக் கையில் தராமல் பல தலைமுறைகளை வளர்த்தது இழப்புதான்.

அதே நேரம், ஆற்றின் மேற்பக்கத்தில் நடந்ததையும் மிகைப்படுத்திக்கொள்ளக் கூடாது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785இல் சிறிய கோயிலைக் கட்டினார். 1820இல் மிஷனரி ரேனியஸ் வந்தார். முருகன்குறிச்சியில் மக்கள் ஊசிக் கோபுரம் என்று சொல்லும் தூய திரித்துவ ஆலயம் 1826இல் எழுந்தது. ரேனியஸ் புதிய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாகப் பெயர்த்தார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்தார். ஆனால் அவர் காலத்தில் சபையில் சேர்ந்த பனையேறிகளிலும் விவசாயக் கூலிகளிலும் எழுத்துத் தெரிந்தவர் எத்தனை பேர்? காலையும் மாலையும் மணி அடிக்கும். உபதேசியார் வேதம் வாசிப்பார். சனங்கள் கேட்பார்கள், வசனத்தை வாய்ப்பாடமாக ஒப்பிப்பார்கள். கடற்கரையில் சவேரியார் அடித்ததும் மணி, பனங்காட்டில் ரேனியஸின் உபதேசியார் அடித்ததும் மணி. இரண்டு இடத்திலும் சனங்கள் காதால் கேட்டு நாவால் மனப்பாடம் செய்தார்கள். ஓரிடத்தில் மனதில் தங்கியது செபம், மற்றதில் தங்கியது வசனம். புத்தகம் கைக்கு வந்தது பள்ளிக்கூடத்தின் வழியாக, அடுத்தடுத்த தலைமுறைகளில். ஆகவே ‘ஒருவர் புத்தகக்காரர், மற்றவர் காதுக்காரர்’ என்ற பிரிவு தொடக்கத்தில் அவ்வளவு துல்லியமாக இருக்கவில்லை.

மனதில் எது தங்கியது என்பதன் விளைவை இன்றும் தெருவில் நின்றே பார்க்கலாம். சமாதானபுரம் பக்கம் ஆட்டோக்களின் பின்புறத்தைக் கவனியுங்கள். ‘எபிநேசர்’, ‘யெகோவாயீரே’ என்று எழுதியிருந்தால் சி.எஸ்.ஐ. அல்லது பெந்தெகொஸ்தே. ‘அந்தோணியார் துணை’, ‘பனிமய மாதா’ என்றிருந்தால் ஆர்.சி. பிள்ளைகளின் பெயரும் அப்படித்தான். சாமுவேல், தானியேல், எஸ்தர் ஒரு பக்கம். சவேரியார், மிக்கேல், ஆரோக்கியம், லூர்து மறுபக்கம். ஊர்ப் பெயர்களிலும் நாசரேத், சுவிசேஷபுரம் என்று வேதப் பக்கங்கள் தரையில் இறங்கியிருக்கின்றன. ஒருவர் வேதத்துக்குள் இருக்கும் ஆட்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்; மற்றவர் அந்த வேதத்தை வாழ்ந்து காட்டியவர்கள் என்று தான் நம்பும் ஆட்களைக் கூப்பிடுகிறார். கத்தோலிக்கரைக் கேட்டால், புனித அந்தோணியார் வரலாறும் நற்செய்தியின் தொடர்ச்சிதான் என்பார்.

வீட்டு ஜெபத்துக்கு வருவோம். சி.எஸ்.ஐ. வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். பாமாலையிலோ கீர்த்தனையிலோ ஒரு பாட்டு. ஒரு அதிகாரம் வாசிப்பு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு வசனம். பிறகு பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுவார். அது எழுதி வைத்த ஜெபம் இல்லை. மகளின் பரீட்சை, மாமாவின் சர்க்கரை வியாதி, பக்கத்து வீட்டுக்காரர் வேலை எல்லாம் அதில் வரும். ஆனால் அந்த ஜெபத்தின் தமிழைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ‘தேவரீர்’, ‘கிருபையாய்’, ‘கட்டளையிடும்’ என்று வரும். பேசுகிறவர் கடையில் காய்கறி வாங்கும்போது இப்படிப் பேசுவதில்லை. 1871இல் வெளிவந்த, பவர் தலைமையிலான குழு செய்த பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அது. இடையன்குடி கால்டுவெல்லும் அந்தக் குழுவில் உழைத்தவர். சொந்த வார்த்தையில் ஜெபிப்பதாக நினைத்துக்கொண்டு வேதாகமத்தின் வார்த்தையில் ஜெபித்துக்கொண்டிருப்பார்.

ஆர்.சி. வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன் விளக்கு எரியும். செபமாலை, ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு தேவ ரகசியம். மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று 15 இருந்தவை, 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தபின் 20 ஆயின. இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்றது, கானா ஊர்க் கலியாணம் என்று நற்செய்தியின் நடுப்பகுதி அப்போதுதான் செபமாலைக்குள் வந்தது. அதன் பின் மாதா மன்றாட்டு மாலை, முடிவில் பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை வாங்குவது. இதில் யாரும் புத்தகம் திறப்பதில்லை. திருவிவிலியம் அந்த மாடத்திலேயே பிளாஸ்டிக் உறை பிரியாமல் நிற்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஒருவரைத் திடீரென்று ‘ஒரு செபம் பண்ணுங்களேன்’ என்று கேட்டுவிட்டால் போதும். தவித்துப் போய் விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று தொடங்கிவிடுவார். தொடங்கியது மத்தேயு 6ஆம் அதிகாரம் என்பது அவருக்கு நினைவில் இராது.

கலப்புத் திருமண வீடுகளில் இது வெளிப்படையாகவே பேச்சாகும். சி.எஸ்.ஐ. பக்கத்துப் பெண்மணி கேட்பார்: “ஏன் மைனி, ஒங்க கோயில்ல வேதம் வாசிப்பாவளா?” ஆர்.சி. பக்கத்தவர் விட்டுக்கொடுக்காமல், “வாசிக்காமயா? நாங்க கேக்கத்தானே போறோம்” என்பார். இந்தப் பதிலில் இருக்கும் உண்மை, பதில் சொன்னவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் இன்று யார் அதிகமாக வேதம் கேட்கிறார்கள் என்பதற்கு விடை, பொதுப்பேச்சு நினைப்பதற்கு நேர்மாறாகக்கூட இருக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் பூசை லத்தீனில் நடந்தது. சனங்கள் தங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வாசகங்கள் ஆண்டுக்கு ஒரு சுற்று. சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, வேதத்தை ஆண்டவரின் திருவுடலுக்கு இணையாகத் திருச்சபை வணங்கிவந்திருக்கிறது என்று சொல்லி, விசுவாசிகள் எல்லாரும் அதை வாசிக்க வழி திறக்கவேண்டும் என்றது. அதன்படி 1969இல் புதிய வாசக நூல் வந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா, யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும். வாரநாள் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்று. ஞாயிறும் வாரநாளும் பூசைக்குப் போகிற ஒருவர், சுற்று முடியும்போது புதிய ஏற்பாட்டில் 100க்கு 70 பங்குக்கு மேல் கேட்டிருப்பார். பழைய முறையில் ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் வாசித்தவை 100க்கு 17 பங்கைக்கூட எட்டவில்லை. பழைய ஏற்பாட்டில், திருப்பாடல்களை விட்டுக் கணக்கிட்டால், 1 பங்கு என்பது 13 பங்குக்கு மேல் ஆகியிருக்கிறது.

பாளையங்கோட்டை தூய சவேரியார் பேராலயத்திலும் மானூர்ப் பக்கத்துக் கிராமக் கோயிலிலும் ஒரே ஞாயிறு ஒரே வாசகம்தான். குருவானவருக்குப் பிடித்த பகுதி, பிடிக்காத பகுதி என்ற பேச்சுக்கு இடமில்லை. முதல் வாசகத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். நற்செய்திக்கு எல்லாரும் எழுந்து, கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிறு சிலுவை வரைந்துகொள்கிறார்கள். வேதம் என்றால் எழுந்து நிற்கவேண்டியது என்பதைச் சொல்லித் தராமலே குழந்தை கற்றுக்கொள்கிறது. ஆனால் யாரும் புத்தகம் கொண்டுவருவதில்லை. சி.எஸ்.ஐ. கோயிலில் பாடம் அறிவித்ததும் பக்கம் புரளும் சத்தம் கேட்கும். இப்போது பாதிப் பேர் செல்போனைத் தடவுகிறார்கள் என்பது வேறு கதை. சிவப்பு விளிம்பு போட்ட கறுப்புப் புத்தகம், ஜிப் வைத்த உறை, ஓரத்தில் பென்சில் குறிப்பு, பிரசங்கம் நடந்த தேதி. இப்படிக் குறிப்பெழுதிய திருவிவிலியத்தை ஆர்.சி. வீட்டில் நான் பார்த்தது அபூர்வம்.

ஆங்கிலிக்கன் பாரம்பரியத்திலும் வாசக ஒழுங்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. பேராயர் கிரான்மர் வகுத்த பொது ஜெப முறை, சங்கீதங்களை மாதம் ஒருமுறை முடிப்பதற்கும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியை ஆண்டுக்கு ஒருமுறை முடிப்பதற்கும் திட்டமிட்டது. காலையிலும் மாலையிலும் ஆராதனை நடத்த வகுத்த முறை அது. அந்த மாலை ஆராதனையில் அன்றாடம் இடம்பெற்ற பாடல் எது தெரியுமா? மரியாளின் பாட்டு, லூக்கா 1ஆம் அதிகாரம். மாதா பக்தியை விட்டுவிட்ட சபை, மாதாவின் வாயிலிருந்து வந்த வேதத்தை நாள்தோறும் பாடிவந்திருக்கிறது. வேதத்தையே செபமாகச் சொல்வது கத்தோலிக்கரின் தனிச் சொத்து இல்லை என்பதற்கும் இதுவே அத்தாட்சி.

பெரிய வெள்ளிக்கிழமையன்று இரண்டு கோயில்களிலும் போய் உட்கார்ந்து பார்க்கவேண்டும். சி.எஸ்.ஐ. கோயிலில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம். வார்த்தைக்கு ஒரு பாட்டு. வெயிலில் வேர்த்துக்கொண்டு மூன்று மணி நேரமும் அசையாமல் கேட்பார்கள். ஏழு வசனத்தை இப்படிப் பிழிந்து பிழிந்து கேட்பது சி.எஸ்.ஐ.யின் பெருமை. சுவையான செய்தி, இந்த வழிபாட்டைத் தொடங்கியது பெரு நாட்டின் லிமா நகரில் 17ஆம் நூற்றாண்டில் இருந்த அலோன்சோ மெசியா என்ற சேசு சபைக் குரு. கத்தோலிக்கர் தொடங்கியது ஆங்கிலிக்கன் வழியாகப் பனங்காட்டுக்கு வந்து, இன்று இங்கே சி.எஸ்.ஐ. அடையாளமாகிவிட்டது.

ஆர்.சி. கோயிலில் அன்று பூசை கிடையாது. திருப்பாடுகளின் வாசகம் உண்டு: யோவான் 18, 19 அதிகாரங்கள் முழுவதும், 82 வசனம். ஒருவர் கதை சொல்கிறவராகவும், குருவானவர் இயேசுவாகவும், இன்னொருவர் பிலாத்து, பேதுரு முதலியோராகவும் பிரித்து வாசிக்கிறார்கள். இயேசு உயிர்விடும் இடத்தில் கூட்டம் முழுவதும் முழங்காலிடுகிறது. சில நொடி மௌனம். விளக்கம் சில நிமிடம்தான். பிறகு வரிசையாகப் போய்ச் சிலுவையை முத்தி செய்கிறார்கள். வசனக் கணக்கைப் பார்த்தால், வேதம் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர் அன்று தொடர்ச்சியாக 82 வசனம் கேட்டிருக்கிறார், மற்றவர் ஏழுதான். அந்த ஏழின் பொருளோ இவருக்கு வந்திருக்காது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கிறதே, அங்கேதான் கத்தோலிக்கச் செவிக்கல்வியின் பலவீனம் அப்பட்டமாகத் தெரிகிறது. 14 நிலைகளில் இயேசு மூன்று முறை விழுவதும், வழியில் தாயைச் சந்திப்பதும், வெரோணிக்கம்மாள் முகம் துடைப்பதும் நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. சீமோன் சிலுவை சுமந்தது இருக்கிறது. எது நற்செய்தி, எது பக்தி மரபு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பங்கு மக்கள் மிகச் சிலர். இரண்டாம் யோவான் பவுல் 1991இல், 14 நிலைகளும் வேதத்திலிருந்தே எடுத்த ஒரு சிலுவைப்பாதையை ரோமில் நடத்திக் காட்டினார். நம் கோயில் சுவர்களில் இருப்பது பழையதுதான். பழையதை எடுக்கவேண்டாம் என்பதே என் கட்சி. வெரோணிக்கா முன் நின்று அழுத பாட்டிமார்களின் செபம் வீணில்லை. ஆனால் அது லூக்காவில் இல்லை என்று தெரிந்துகொண்டு அழுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

‘எங்கே எழுதியிருக்கிறது?’ என்ற கேள்விதான் கடைசியில் இரண்டு சபைகளையும் பிரிக்கிறது. கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழா. பழைய திருநெல்வேலிச் சீமையின் ஆதிக் கத்தோலிக்க ஊர்களில் ஒன்று அது, வீரமாமுனிவர் ஊழியம் செய்த இடம். தேரும் சப்பரமும் கொண்டாடுவது, மாதா உடலோடு விண்ணகம் எடுத்துச்செல்லப்பட்டதை. இது வேதத்தில் நிகழ்ச்சியாக எங்கும் சொல்லப்படவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அந்தத் திருநாள் பூசையில் வாசிப்பது வெளிப்பாட்டு நூலின் ஆதவனை ஆடையாய் உடுத்திய பெண்ணையும், லூக்காவின் மரியாள் பாட்டையும். வேதம் அங்கே சாட்சிக் கூண்டில் நிற்கும் ஆவணமாக வருவதில்லை. திருச்சபை ஏற்கெனவே நம்பிக் கொண்டாடுவதற்கு மொழி கொடுக்க வருகிறது. வேதமும் மரபும் சேர்ந்து ஒரே கருவூலம் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு ஏடு சொல்லும் கொள்கை. சி.எஸ்.ஐ. வீட்டில் வளர்ந்தவருக்கு இது தலைகீழாகப் படும். அவர் பார்வையில் வேதம் முதலில் பேசவேண்டும், கொண்டாட்டம் பின்னால் வரவேண்டும்.

அந்தப் பார்வைக்கும் ஒரு விலை உண்டு. அதற்கு நல்ல சாட்சி இதே மண்ணில் இருக்கிறது. நாசரேத்தில் மிஷன் ஊழியத்தில் இருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, வெள்ளைக்கார மிஷனரியோடு மோதிப் பிரிந்து, 1857இல் தனிச் சபை கண்டார். மிஷனரியின் கையிலிருந்த அதே வேதாகமத்தைத் திறந்து, பழைய ஏற்பாட்டைக் காட்டி, ஓய்வுநாள் சனிக்கிழமைதானே என்றார். தூபம், எக்காளம், யூதப் பண்டிகைகள் எல்லாம் அங்கே வந்தன. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால், கொடுத்தவரையே கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்தே போகிறது. எனக்குச் சட்டாம்பிள்ளை மீது மரியாதை உண்டு. அந்நிய அதிகாரத்துக்கு முன் ஒரு நாடார் கிறிஸ்தவர் நிமிர்ந்து நிற்க வசனம் துணை நின்றது.

இதன் பக்கத்தில் வடக்கன்குளத்தை வையுங்கள். அங்கே 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயில், வேளாளருக்கு ஒரு கை, நாடாருக்கு ஒரு கை என்று இரண்டு கையாகப் பிரிந்து பீடத்தில் சேர்ந்தது, நடுவில் தடுப்பு. கௌசானல் சுவாமி 1910இல் அந்தத் தடுப்பை அகற்றியபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது. வாதாடப்பட்டது வழக்கம், இடம், உரிமை பற்றி. கிறிஸ்துவில் வேறுபாடு இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தைப் பிடித்துக்கொண்டு சனங்களே எழுந்து கேட்டதாக அந்தக் கதையில் வருவதில்லை. சுவாமிதான் இடித்தார். சனங்கள் கையில் வசனம் இருந்திருந்தால் சுவர் எப்போதோ விழுந்திருக்கும் என்று சொல்லவரவில்லை; வசனம் மனப்பாடமாக இருந்த புராட்டஸ்டண்டு ஊர்களிலும் சாதி போய்விடவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் ஆயுதம் குறைந்தது என்பது உண்மை.

புத்தகத்தின் நீளம்கூட ஒன்றில்லை. கத்தோலிக்கர் வேதம் 73 நூல், சி.எஸ்.ஐ.யின் வேதம் 66. நவம்பர் 2இல் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் ஆர்.சி.காரருக்கு ஆதாரம், மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். அந்த நூல் சி.எஸ்.ஐ. மைத்துனர் வீட்டு வேதாகமத்தில் இல்லை. ‘எங்கே எழுதியிருக்கிறது’ என்று அவர் கேட்டால், இவர் காட்டும் பக்கம் அவரிடம் கிடையாது.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் இரண்டு பக்கத்து அறிஞர்களும் பல ஆண்டு சேர்ந்து உட்கார்ந்து, 1995இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். திண்டிவனத்தில் இருக்கும் தமிழகக் கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து செய்தது. நடந்தது என்ன? ஆர்.சி. கோயில்களில் வாசக மேடைக்கு அது வந்துவிட்டது, முணுமுணுப்புக்கூட அதிகம் இல்லை. சி.எஸ்.ஐ. கோயில்களில் பழைய மொழிபெயர்ப்பே நிலைத்துவிட்டது. இதை முன்னேற்றம், பிற்போக்கு என்று எடைபோடுபவர்கள் காரணத்தைப் பார்ப்பதில்லை. கேட்டுப் பழகியவருக்கு வாசிப்பவர் புத்தகத்தை மாற்றினால் போதும். மனப்பாடம் செய்தவருக்கு, குழந்தைப் பருவத்தில் கற்ற 23ஆம் சங்கீதத்தை, கல்லறையில் அப்பாவுக்குச் சொன்ன வசனத்தை, வருடப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் வாங்கிச் சுவரில் மாட்டிய வாக்குத்தத்த அட்டையை மாற்றவேண்டும். தன் செபத்தின் வார்த்தையை மாற்றச் சொன்னால் ஆர்.சி.காரர் மட்டும் ஒத்துக்கொள்கிறாரா? பூசைத் தமிழை மாற்றியதை ஏற்ற பாட்டிமார்கள், செபமாலையில் அருள் நிறைந்த மரியே செபத்தின் பழைய தொடக்கமான ‘பிரிய தத்தத்தினாலே’யைக் கடைசிவரை விடவில்லை.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. எரேமியா, ஏசாயா நூல்களிலிருந்து ஆறுதலான வரி மட்டும் தேர்ந்தெடுத்து அச்சிடுகிறார்கள். முன்னும் பின்னும் இருக்கும் கண்டனம் அட்டையில் வராது. இந்தத் தேர்வு வாசிப்புக்கு எதிரான நல்ல மருந்து, வாசக நூலின் கட்டாயம்தான். பிடிக்காத ஆமோசும் ஒரு ஞாயிறு வந்து ஏழைகளை நசுக்குபவர்களைத் திட்டிவிட்டுத்தான் போவார். இந்த ஓர் இடத்தில் கத்தோலிக்க முறை மேலானது என்று தயங்காமல் சொல்வேன்.

வீட்டில் அது தோற்கிறது என்பதையும் தயங்காமல் சொல்லவேண்டும். அன்பியக் கூட்டங்களில் விவிலியப் பகிர்வு உண்டு. அருங்கொடை இயக்கத்தார் கையில் வேதத்தோடு அலைகிறார்கள். கன்னியர் மடங்களில் திருப்பாடல்கள் நாள்தோறும் ஒலிக்கின்றன. சாதாரணப் பங்குக் குடும்பத்துக்குள் அது இன்னும் இறங்கவில்லை. ஞாயிறு நற்செய்தியை ஞாயிறு காலைதான் முதன்முதலாகக் கேட்கிறோம். பின்னால் குழந்தை அழுதால் அதுவும் போயிற்று.

ஆர்.சி. வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மறைமாவட்டக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் வாசகம் அச்சிட்டிருக்கிறார்கள். சனி ராத்திரி செபமாலையில் ஒரு பத்து மணியைக் குறைத்தாவது, மறுநாள் நற்செய்தியைப் பிள்ளை ஒருவரை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முழு நூல் ஒன்றை வாசிக்கத் துணிந்தால் மாற்குவில் தொடங்கலாம். 16 அதிகாரம்தான், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.